என் முன்னால் நின்ற ரைட் பேக்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு சர்க்கரை அளவில் ஆரம்பித்து முழங்கால் வலியில் வந்து நிற்கிறது. என் முறை வரும்போது நான் வலது முழங்காலைத் தொட்டுக் காட்டி, இது வயதால் வந்த வலி இல்லை, பள்ளிக்கூடத்தில் ஹாக்கிப் பந்து பட்ட இடம் என்பேன். நீங்கள் என் தொப்பையைப் பார்த்துச் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனாலும் நான் எங்கள் பள்ளி அணிக்குக் கோல் கீப்பராக இருந்தவன்தான். ஓட வராதவனைத்தான் அந்தக் காலத்தில் கோலுக்குள் நிறுத்துவார்கள் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

ஓடாமல் ஒரே இடத்தில் நின்றவனுக்கு ஒரு வசதி உண்டு. ஆட்டம் முழுவதும் கண் முன்னால் விரிந்து கிடக்கும். அதிலும் தனக்கு முன்னால் காவலுக்கு நிற்கும் பேக்கின் முதுகை அவன் பார்ப்பதுபோல வேறு யாரும் பார்க்க முடியாது. அப்படி ஒரு பருவம் முழுக்க நான் பார்த்த முதுகு என் பெரியம்மா மகனுடையது. ஒரு வயது மூத்தவன். எனக்கு அண்ணன். அறுபதுகளின் தொடக்கம் அது. ஆடிக் காற்றில் ஆரம்பித்து ஐப்பசி மழையில் முடிந்த பருவம்.

மைதானம் எப்படி இருந்தது என்று முதலில் சொல்ல வேண்டும். தலையைத் தூக்கினால் திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறை. காலடியில் செம்மண்ணும் சரளையும். புல் என்று ஒன்று மூலைகளில் மட்டும் முளைத்து, அதையும் யாருடைய ஆடோ மேய்ந்திருக்கும். பேகம்பூர் பக்கமிருந்து காற்றடித்தால் தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை வரும். ஆவாரம்பட்டையும் சுண்ணாம்பும் ஊறிய தோலும் கலந்த அந்த வாடையை வெளியூர் அணிகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு சுவாசிப்பதைப் பார்க்க எங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். காற்று திரும்பினால் சுருட்டுப் புகையிலை நெடி. ஆடி மாதத்தில் செம்மண் கிளம்பி எதிர்க் கோல் கண்ணுக்கே தெரியாது.

பந்து வெள்ளைப் பெயின்ட் அடித்த தோல் பந்து. பெயின்ட் உதிர்ந்ததும் சுண்ணாம்பு அடிப்போம். என் கால்களுக்கு யாரோ கிரிக்கெட் ஆடிக் கழித்துப் போட்ட பேடுகள். உள்ளே பஞ்சு கட்டி தட்டிப்போயிருந்தது. ஒரு பக்கத்து வார் அறுந்து, அம்மா பழைய பாவாடை நாடாவைக் கோத்துத் தந்திருந்தாள். அந்தப் பேடுகள் இன்று கிடைத்தால் வீட்டில் ஓர் அலமாரியைக் காலி செய்து அதில் வைப்பேன்.

அண்ணன் அகரத்துப் பக்கத்துப் பையன். பெரியப்பாவுக்கு அங்கே பூந்தோட்டம். மல்லிகை, கனகாம்பரம், கொஞ்சம் சம்பங்கி. ஊரில் எட்டாவது வரைதான். அதற்கு மேல் படிக்க எங்கள் வீட்டுக்கு வந்தான். அப்பாவுக்கு வெங்காய மண்டி. வீட்டில் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் வெங்காயச் சருகு ஒட்டும். அண்ணன் வந்த நாளிலிருந்து அவன் சட்டையில் மட்டும் மல்லிகை வாசனை வரும். சனி ஞாயிறுகளில் ஊருக்குப் போய்ப் பூவெடுத்துக் கொடுத்துவிட்டு வருவான். பள்ளியில் சில பேர் அதைச் சொல்லிக் கேலி செய்தார்கள். அவன் ஹாக்கிக் கம்பைக் கையில் எடுக்கும் வரையில்தான்.

கம்பு பிடிக்க அவன் எங்கும் கற்றுக்கொண்டு வரவில்லை. ஊரில் கொடுக்காப்புளி மரத்தில் வளைந்த கிளையாகப் பார்த்து வெட்டி, காய்ந்த விளாங்காயைப் பந்தாக வைத்து, கனகாம்பரப் பாத்திகளுக்கு நடுவில் உருட்டியிருக்கிறான். ஒரு செடி ஒடிந்தால் பெரியப்பா முதுகைப் பழுக்க வைத்துவிடுவார். அதனால் விளாங்காய் கம்பை விட்டு ஒரு சாண் விலகாது. இந்தப் பக்கம் ஒரு தட்டு, கம்பைத் திருப்பி அந்தப் பக்கம் ஒரு தட்டு. அந்தப் பழக்கத்தோடு நிஜக் கம்பும் நிஜப் பந்தும் கைக்கு வந்தபோது அவன் செய்த வேலையைப் பார்த்து நாங்கள் வாய் பிளந்து நின்றோம்.

ஆனால் டிரில் மாஸ்டர் அவனை ரைட் பேக்காக நிறுத்தினார். ஃபார்வர்டுக்கு ஆள் இருந்தார்கள், பேக்குக்கு இல்லை என்பது மட்டும்தான் காரணம். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர் அவர். காக்கி அரைக்கால் சட்டையில் மடிப்பு கலையாமல் நிற்பார். பேக் என்றால் அவருக்கு ஒரே வேலை. வந்த பந்தை ஓங்கி அடித்து விரட்ட வேண்டும். எங்கள் லெஃப்ட் பேக் அதை அப்படியே செய்தான். அவன் அடித்தால் பந்து பாதி மைதானம் தாண்டும். சத்தம் பாறையில் மோதித் திரும்பி வரும்.

அண்ணனால் அப்படி இருக்க முடியவில்லை. பந்து வந்தால் அதைக் கம்பில் ஒட்டவைத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். எதிரே ஓர் ஆள் வந்தால் இடப்பக்கம் போவதுபோல் தோளைச் சாய்த்து வலப்பக்கம் போவான். அடுத்த ஆளின் கம்புக்கு மேலே பந்தைச் சின்னதாகத் தூக்கிப்போட்டு அந்தப் பக்கம் போய்ப் பிடிப்பான். சாயங்காலம் வேலை விட்டு வரும் தோல் ஷாப்புக்காரர்களும் பூட்டுப் பட்டறைக்காரர்களும் எல்லைக் கோட்டோரம் குந்தி உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார்கள். அவர்களில் ஒருவர்தான் அந்த ஆட்டத்துக்குப் பெயர் வைத்தவர். இரண்டு பக்கமும் மாறி மாறி ஓடும் அவன் கம்பைப் பார்த்து, "பய பூக்கட்டுறான்டா" என்றார். அதிலிருந்து அண்ணனிடம் பந்து போனாலே கோட்டோரத்தில் "பூக்கட்டு, பூக்கட்டு" என்று எழுந்து நிற்பார்கள்.

டிரில் மாஸ்டருக்கு அது பிடிக்கவே இல்லை. எங்கள் கேப்டன் சென்டர் ஆஃப், நடுவில் நின்று ஆடுகிறவன். பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்தவரின் மகன். நிதானமானவன், வயதுக்கு மீறிய பொறுப்பு. அண்ணன் ஆடுவதில் அவனுக்கு ஆசையும் உண்டு, பயமும் உண்டு. ஒருநாள் பயிற்சி முடிந்து கம்புகளைச் சாக்கில் கட்டும்போது, நீ மேலே போறப்ப உன் இடத்துல யாரு நிக்கிறது என்று கேட்டான். அண்ணன் சிரித்தான். அதுதான் போய்ட்டு வந்துர்றேனே என்றான்.

ஆவணியில் அது பலிக்காமல் போனது. பழனிப் பக்கத்துப் பள்ளி ஒன்றோடு ஆட்டம். இரண்டு அணியும் சமமாக இருந்து, முடிய நேரம் நெருங்கியபோது அண்ணன் எங்கள் கோலுக்கு முன்னாலுள்ள அரைவட்டமான டி-க்குப் பக்கத்தில் பந்தை எடுத்தான். கேப்டன் வலப்பக்கம் தனியாக நின்று கம்பைத் தரையில் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு சின்னத் தள்ளு போதும். கோட்டோரத்தில் "பூக்கட்டு" என்று குரல் எழுந்தது. அண்ணன் ஓர் ஆளைத் தாண்டினான். இரண்டாவது ஆளையும் தாண்டினான். மூன்றாவது ஆள் கம்பைக்கூட நீட்டவில்லை, சும்மா குறுக்கே நின்றான். பந்து சரளையில் ஒரு கல்லில் பட்டு எகிறி அந்த ஆளின் காலடியில் விழுந்தது. பிறகு என் கண் முன்னால் திறந்த வெளியும் ஓடிவரும் ஃபார்வர்டும் மட்டும்தான். நான் வெளியே பாய்ந்தேன். பந்து என் முழங்காலில் பட்டு உள்ளேதான் போனது. வலி தெரிந்தது அப்புறம்.

டிரில் மாஸ்டர் அன்று எல்லார் முன்னாலும் பேசினார். கத்தவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "உனக்குக் கூட்டம் கைதட்டணும். அதுக்கு சர்க்கஸ் இருக்கு, அங்க போ. என் டீமுல வேணாம்" என்றார். அவன் ஜெர்சியை அங்கேயே கழற்றி வாங்கிக்கொண்டார். பூக்கட்டு என்று எழுந்து நின்ற அதே ஆட்கள், அவன் வெற்றுடம்போடு கடந்து போனபோது, போயி மாலை கட்டச் சொல்லு என்றார்கள். இன்று யோசித்தால் அந்த மனிதர்களிடம் எனக்குக் கோபம் இல்லை. நாளெல்லாம் தோலை மிதித்துவிட்டு வந்தவர்களுக்கு அரை மணி நேர வேடிக்கை வேண்டியிருந்தது. டிரில் மாஸ்டர் விஷயத்தில்தான் எனக்கு இன்னும் சமாதானம் வரவில்லை. அண்ணனுக்கு வேண்டியது கைதட்டல் என்று எப்படி முடிவுகட்டினார்? கூட்டமே இல்லாத பூந்தோட்டத்தில் விளாங்காயோடு அவன் அதைத்தானே செய்துகொண்டிருந்தான். பந்தை ஓங்கி அடித்து அனுப்பிவிட அவனுக்கு மனம் வராது, அவ்வளவுதான்.

அந்த வாரம் அவன் ஊருக்குப் போனபோது நானும் கூடப் போனேன். கம்பை வீட்டில் வைக்காமல் எடுத்துக்கொண்டு வந்தான். பெரியப்பாவுக்கு ஹாக்கிக் கம்பைக் கண்டாலே ஆகாது. ஊரில் ஏதோ சண்டையில் ஒருவன் அப்படியொரு கம்பால் இன்னொருவன் மண்டையை உடைத்திருந்தான். அதனால் அது ரவுடிகளின் சாமான் என்று அவர் மனதில் பதிந்துபோயிருந்தது. பாதிரிச் சாமியார்கள் நடத்தும் எங்கள் பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. மறுநாள் காலை பூவெடுத்து முடித்து வந்து பார்த்தால் கம்பைக் காணோம். தேடிக்கொண்டு போனால், கிணற்றடியில் பெரியப்பா அதை ஒரு மூங்கிலின் நுனியில் கயிற்றால் கட்டி, முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தார். வளைவு அதற்கென்றே செய்ததுபோல் பொருந்தியிருந்தது. இதுக்கு நல்லாத்தான்ப்பா இருக்கு என்றார் நிஜமான பாராட்டோடு. அண்ணன் அன்றுதான், அந்த வாரத்திலேயே முதல் தடவையாக, சிரித்தான்.

சாயங்காலம் அறுவடை முடிந்த சோளக் காட்டில் நாங்கள் இரண்டு பேரும் பந்து தட்டினோம். இரண்டு கற்களை நட்டு நான் கோலில் நின்றேன். செத்த நேரம் கழித்து அவன் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தான்.

"டே தம்பி, நான் பந்த எடுத்துட்டுப் போறப்ப உனக்குப் பின்னாடியிருந்து என்ன தெரியும்?"

உள்ளதைச் சொன்னேன். "நல்லாத்தான் தெரியும்ண்ணே. நீ வெட்டிட்டுப் போறது அம்புட்டு அழகா இருக்கும். ஆனா நீ போகப் போக எனக்கு முன்னால ஒண்ணுமே இருக்காது."

அவன் என்னைத் தள்ளிவிட்டுத் தான் கற்களுக்கு நடுவில் நின்றான். என்னைப் பந்தை எடுத்துக்கொண்டு முன்னால் போகச் சொன்னான். நான் என் கனத்த உடம்போடு பந்தைத் தட்டிக்கொண்டு போனேன். இன்னும் போ, இன்னும் போ என்றான். பாதிக் காடு தாண்டித் திரும்பிப் பார்த்தபோது அவன் கற்களுக்கு நடுவில் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றிருந்தான். சோளத் தட்டைகளும் அவனும் மட்டும். நான் திரும்பி வந்ததும், "இவ்வளவு பெருசா இருக்குமா" என்று கேட்டான். காட்டின் அளவைச் சொன்னான் என்றுதான் அன்று நினைத்தேன்.

அடுத்த வாரம் அவன் பயிற்சிக்குப் போய் ஓரமாக நின்றான். அணியில் இல்லாதவன் கம்போடு நிற்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பயிற்சி ஆட்டத்துக்கு ஆள் குறையும்போது கேப்டன் அவனை உள்ளே இழுத்துக்கொண்டான். டிரில் மாஸ்டர் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.

அவன் ஆட்டம் மாறியிருந்தது. பந்து வருவதற்கு முன்னாலேயே தலையைத் திருப்பி யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வான். வந்ததும் ஒரு தள்ளு. கேப்டனுக்கு, இல்லையென்றால் ரைட் ஆஃபுக்கு. அவ்வளவுதான். பந்து போனதும் அவனும் இரண்டடி நகர்ந்து நிற்பான். அந்த இரண்டடியைக் கோட்டோரத்தில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். பந்து திரும்பி வந்தால் எந்த வழியாக வருமோ அந்த வழியில் அவன் ஏற்கெனவே நிற்பான். பல நேரம் எதிரி ஃபார்வர்டு நேராக அவன் கம்பிலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திகைப்பான். எனக்கு வேலையே இல்லாமல் போயிற்று. பேடுக்குள் கால் வியர்த்தபடி நின்றுகொண்டிருப்பேன்.

வேறு வழியே இல்லை என்றால் மட்டும் பழைய ஆட்டம் வெளியே வரும். தள்ள ஆளில்லை, இரண்டு பேர் நெருக்குகிறார்கள் என்றால், தோளை ஒரு சாய்ப்பு சாய்த்து அவர்களுக்கு நடுவில் வெளியே வந்துவிடுவான். வெளியே வந்த மறுகணமே பந்தைக் கொடுத்துவிடுவான். ஒரு ஆட்டத்தில் அது ஒரு தடவை நடக்கலாம், நடக்காமலும் போகலாம்.

கேப்டன் போய் டிரில் மாஸ்டரிடம் பேசினான். தான் பேசியதைப் பிறகு எங்களிடம் சொன்னான். அவன் பின்னால் நின்றால் நான் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை சார் என்று சொல்லியிருக்கிறான். டிரில் மாஸ்டர் ஜெர்சியைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் பந்தைக் கம்பில் வைத்திருக்கக் கூடாது, அடித்து விரட்டத்தான் வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார். அண்ணன் தலையாட்டி வாங்கிக்கொண்டான்.

கோட்டோரத்துக்காரர்கள் ஏமாந்துபோனார்கள். கொஞ்ச நாள் "பூக்கட்டு" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். மண்டியைப் பூட்டிவிட்டு ஒருநாள் ஆட்டம் பார்க்க வந்த அப்பா, வீட்டில் சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னார். "ஒரு தடவ தோத்ததுல பய பயந்துட்டான். முன்ன மாதிரி இல்ல." அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து வெஞ்சனத்தைத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அப்பா எழுந்து கை கழுவப் போனதும், ஏண்ணே பேசாம இருக்க என்றேன்.

"அது எங்கயும் போயிறலடா. தேவைப்பட்டா எடுத்துக்கலாம்" என்றான். பிறகு அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டான்.

இறுதி ஆட்டம் எங்கள் மைதானத்தில்தான் நடந்தது. மதுரையிலிருந்து வந்த அணி. வருஷா வருஷம் கோப்பையை எடுத்துக்கொண்டு போகிறவர்கள். அவர்களுடைய சென்டர் ஃபார்வர்டு அப்போதே பேர் வாங்கியவன். ஒல்லியாக, நெட்டையாக, கொக்குபோல நடந்து வருவான். பந்து கம்புக்கு வந்துவிட்டால் கொக்கு இல்லை. அந்த ஆட்டத்தைப் பார்க்க மாநிலப் பள்ளிகள் அணிக்கு ஆள் எடுக்கிறவர் ஒருவரும் வந்திருந்தார். அதில் இடம் கிடைத்தால் மதுரைக் கல்லூரியில் விளையாட்டுக்காகவே சேர்த்துக்கொள்வார்கள். அண்ணனுக்கு அது கடைசி வருஷம். கல்லூரி இல்லையென்றால் பூந்தோட்டம்தான் என்று பெரியப்பா சொல்லியிருந்தார்.

முந்தின நாள் பிடித்த மழை மத்தியானம்தான் விட்டது. செம்மண் கூழாகக் கிடந்தது. அங்கங்கே தண்ணீர் குளம் கட்டியிருந்தது. ஆட்டம் ஆரம்பிக்கும் முன் அண்ணன் ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மைதானத்தைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்தான். சேற்றில் எங்கே கால் புதைகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்தான். கொக்குக்காரனும் தூரத்தில் நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

முதல் பாதியிலேயே ஒன்று தெரிந்துவிட்டது. அடித்து விரட்டுவது அன்று நடக்காது. லெஃப்ட் பேக் ஓங்கி அடிப்பான். பந்து இடிச்சத்தத்தோடு கிளம்பி, நடுக்கோட்டுக்கு முன்னாலேயே ஒரு குட்டையில் விழுந்து நின்றுவிடும். மதுரைக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு திரும்பவும் எங்கள் மேல் வருவார்கள். அடி, வரவு. அடி, வரவு. டிரில் மாஸ்டர் கோட்டோரத்தில் குடையை ஆட்டிக்கொண்டு, அடி, அடி என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சேற்றில் விழுந்து எழுந்து விழுந்து, என் பேடுகள் ஊறி காலுக்கொரு கல்லைக் கட்டியதுபோல் கனத்தன.

அண்ணன் அடிக்கவில்லை. சின்னச் சின்னத் தள்ளாகத் தண்ணீர் இல்லாத தடமாகப் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். கொக்குக்காரன் அவன் பக்கம் வருவதும் வழி இல்லாமல் வெளியே போவதுமாக இருந்தான். ஆனாலும் எங்கள் ஆட்கள் களைத்துப்போனார்கள். இரண்டாவது பாதியில் பந்து எங்கள் பாதியை விட்டு வெளியே போகவே இல்லை. கோல் இல்லை. ஆனால் எந்த நேரமும் விழலாம் என்பதுபோல் இருந்தது.

முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். எங்கள் டி-யின் விளிம்பில் பந்து அண்ணனிடம் வந்தது. தள்ள யாரும் இல்லை. கேப்டனை ஓர் ஆள் ஒட்டிக்கொண்டு நின்றான். ரைட் ஆஃப் வழுக்கி விழுந்து கிடந்தான். கொக்குக்காரன் நேராக அவன் மேல் வந்துகொண்டிருந்தான். டிரில் மாஸ்டர் அடிக்கச் சொன்னார். அண்ணன் கம்பை ஓங்கினான். அடிக்கத்தான் போகிறான் என்று நானே நினைத்தேன். கொக்குக்காரனும் நினைத்தான். பந்தைத் தடுக்கக் கம்பைத் தரையோடு நீட்டி முழுதாகப் பாய்ந்தான்.

அடி விழவில்லை. ஓங்கிய கம்பு இறங்கும்போது மெதுவாகிப் பந்தைப் பக்கவாட்டில் இழுத்தது. கொக்குக்காரன் சேற்றில் வழுக்கிக்கொண்டு போனான். அடுத்து ஒருவன் வந்தான். அவன் முன்னால் ஒரு குட்டை. அண்ணன் பந்தைக் கரண்டியில் எடுப்பதுபோல் எடுத்து, அவன் கம்புக்கும் தண்ணீருக்கும் மேலாகப் போட்டு, சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் பிடித்தான். கோட்டோரத்தில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். மாதக்கணக்கில் கேட்காத அந்தச் சொல் திரும்பவும் கேட்டது. தோல் ஷாப்புக்காரர்கள் தலையில் போட்டிருந்த சாக்குகளை எடுத்துச் சுற்றினார்கள். அவன் கம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஓட, சேறு தெறிக்க நடுக்கோட்டைத் தாண்டிவிட்டான். எதிரே அவர்களுடைய சென்டர் ஆஃப் ஒருவன்தான். அவனையும் தாண்டிவிட்டால் கோல் வரை வெறும் வெளி. கூட்டம் விடாதே என்று கத்தியது. அன்று அண்ணன் இருந்த இருப்பில் அவனையும் தாண்டியிருப்பான். எனக்குச் சந்தேகமே இல்லை.

சென்டர் ஆஃப் அவனை மறிக்க முன்னால் வந்ததில், கூடவே ஓடிவந்த கேப்டன் இடப்பக்கம் தனியாகிவிட்டான். அண்ணன் அவனுக்குப் பந்தைத் தள்ளினான். சாதாரணத் தள்ளு, நாலு கெஜம் இருக்கும். ஒன்றாம் பாரத்துச் சின்னப் பையன்கூடத் தள்ளுவான். தள்ளிவிட்டு, பந்து என்ன ஆயிற்று என்றுகூடப் பார்க்காமல், திரும்பி என்னை நோக்கி ஓடிவந்தான்.

மைதானத்தில் எல்லார் கண்ணும் அந்தக் கோல் பக்கம் இருந்தபோது, இந்தக் கோல் பக்கம் ஒருவன் தலைதெறிக்க ஓடிவந்ததைப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான். கேப்டன் வலது ஓரத்தில் ஓடிய ரைட் அவுட்டுக்குக் குறுக்கே கொடுத்து, அவன் அடித்து, அங்கே பலகையில் பந்து மோதிய சத்தம் கேட்டபோது அண்ணன் என் முன்னால், தன் இடத்தில், குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். முதுகு முழுக்கச் செம்மண்.

"அண்ணே, கோலுண்ணே" என்றேன்.

"தெரியுது. நீ முன்னாடி பாரு. இன்னும் முடியல."

முடிந்தபோது நாங்கள்தான் ஜெயித்திருந்தோம். ரைட் அவுட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். டிரில் மாஸ்டர் கலங்கிய கண்களோடு லெஃப்ட் பேக்கைக் கட்டிப்பிடித்தார். அண்ணனிடம் வந்து தோளில் தட்டி, கடைசியில் கொஞ்சம் ஆசையை அடக்கியிருந்தால் இன்னும் நல்லாயிருந்திருக்கும் என்றார். அன்போடுதான் சொன்னார். ஆள் எடுக்க வந்தவர் எங்கள் அணியிலிருந்து இரண்டு பேரை எடுத்தார். ஒருவன் கோல் போட்ட ரைட் அவுட். இன்னொருவன் லெஃப்ட் பேக். அவன் அடியின் சத்தத்தைப் பற்றி அவர் ஒரு குட்டிப் பிரசங்கமே செய்தார். ரைட் பேக் பற்றிக் கேட்ட கேப்டனிடம், பையனுக்குத் திறமை இருக்கு, ஆனால் மொத்த ஆட்டத்தில் ஒரே ஒரு தடவைதானே காட்டினான் என்றாராம்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேப்டன்தான் பொருமிக்கொண்டு வந்தான். அண்ணன் கம்பில் ஒட்டிய சேற்றை வழித்துக்கொண்டே வந்தான். பிறகு, ஜெயிச்சுட்டோம்ல, விடு மாப்ள என்றான். முகத்தில் வருத்தம் இருந்தது. இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். குழாயடியில் நின்று சேற்றைக் கழுவும்போது வெகுநேரம் முகத்திலேயே தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தான்.

தேர்வு எழுதிவிட்டு ஊருக்குப் போய்ப் பூந்தோட்டத்தில் இறங்கிவிட்டான். மறு வருஷம் தைக்குப் பிறகு, ஒரு நெட்டையான பையன் எங்கள் வெங்காய மண்டிக்கு வந்து அப்பாவிடம் அவனை விசாரித்தான். பள்ளியில் கேட்டு, கேப்டன் வீட்டில் கேட்டு, கடைசியாக இங்கே வந்திருக்கிறான். நான் உள்ளிருந்து எட்டிப் பார்த்தேன். கொக்குக்காரன். மதுரையில் ஒரு பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, ஆலை அணிக்கு ஆடிக்கொண்டிருந்தான். அவர்களுக்கு ஒரு பேக் வேண்டும். பெரிய பெரிய ஆட்களின் பேரெல்லாம் வந்ததாம். இவன்தான் திண்டுக்கல்லில் ஒருத்தன் இருக்கிறான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

அப்பா அவனை உட்காரவைத்து, எங்கள் பையனிடம் அப்படி என்ன கண்டீர்கள் என்று கேட்டார். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

"அன்னைக்குக் கடைசில அவரு என்னைய ஏமாத்துனாருல்ல, அது பெருசில்லைங்க. அது மாதிரி ரெண்டு மூணு பேரு என்னைய ஏமாத்திருக்காங்க" என்றான் அவன். "அதுக்கு முன்னாடி ஆட்டம் முழுக்க என்னைய ஒரு வேலையும் செய்ய விடலையே. அது இவரு ஒருத்தருதான்."

அவனும் நானும் ஒரே சைக்கிளில் அகரத்துக்குப் போனோம். பெரியப்பா முதலில் மசியவில்லை. ஹாக்கி ஆடுவதற்கு ஆலையில் வேலை கொடுப்பார்கள் என்பதை அவர் நம்பவே வெகுநேரம் ஆயிற்று. நம்பியதும் அவரே பையனின் துணிகளை எடுத்துப் பையில் வைத்தார்.

அண்ணன் பல வருஷம் அந்த ஆலைக்கு ஆடினான். நான் அப்பாவின் மண்டியைப் பார்க்கத் தொடங்கி, உடம்பும் இந்த உடம்பாகிவிட்டது. அறுபதுகள் முடியும் சமயத்தில், சரக்கு விஷயமாக மதுரைக்குப் போனவன் அவன் ஆட்டம் நடக்கிறதென்று கேள்விப்பட்டு மைதானத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவனுக்கு நான் வந்தது தெரியாது. நல்ல புல் மைதானம். எதிரணியின் லெஃப்ட் அவுட் குதிரைபோல ஓடுகிறவன். ஆரம்பத்தில் ஓரிரு தடவை அண்ணன் பக்கம் வந்து பார்த்தான். அண்ணன் ஒன்றும் செய்ததுபோல் தெரியவில்லை. நகர்ந்து நின்றான், பந்தை வாங்கினான், பக்கத்து ஆளுக்குத் தள்ளினான். அதற்குப் பிறகு அவர்கள் அந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டு, எல்லாப் பந்தையும் அடுத்த பக்கமாகக் கொண்டுபோனார்கள். அங்கே கூட்டமும் கூச்சலுமாக இருந்தது. இந்தப் பக்கம் அண்ணன் மட்டும் முன்னும் பின்னுமாக இரண்டடி மூன்றடி நகர்ந்துகொண்டு, அமைதியாக நின்றான். கோல் கீப்பர் கம்பத்தில் சாய்ந்து நிற்கிற அளவுக்கு நிம்மதியாக இருந்தார்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வறுத்த கடலை தின்றுகொண்டிருந்த பெரியவருக்கு ஆட்டம் அலுத்துவிட்டது.

"அந்த ரைட் பேக்கப் பாருங்க, சும்மாவே நிக்கிறான். அவன் பக்கம் ஒண்ணுமே நடக்கலையே" என்றார்.

"ஆமாங்க, ஒண்ணுமே நடக்கல" என்றேன்.

ஒத்துப்பேச ஆள் கிடைத்த திருப்தியில் அவர் கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். நான் ஒரு கை அள்ளிக்கொண்டேன்.